பெயர் வெட்டாத சாடி

கல் எனக்கு, உலோகம் ரிஸ்வானாவுக்கு. எங்கள் மையத்தில் இதுதான் பாகப்பிரிவினை. தென்மாவட்டங்களில் யார் எந்த மேட்டைத் தோண்டி எந்தச் சாடியை எடுத்தாலும், அது மதுரைக்கு வந்து எங்கள் இருவரில் ஒருவருடைய மேசையில் உட்கார வேண்டும். நாங்கள் வாயை அளந்து, கழுத்தை அளந்து, அடியைத் தடவிப் பார்த்து, எந்தக் காலம், எதற்குப் புழங்கியது என்று வகை சொல்வோம். சாடியோடு ஊர்ப்பெயர் வராது, தோண்டியவர் பெயரும் வராது. ஓர் எண் மட்டும் ஒட்டியிருக்கும். பெயர் தெரிந்தால் எங்களுக்கு மனம் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும் என்று மேலே இருப்பவர்களுக்குப் பயம்.

என் விஷயத்தில் அது நியாயமான பயம்தான். என் கணவர் சேரலாதன் அகழாய்வுக்காரர். எங்கள் கல்யாணத்துக்கு முன்பிருந்தே வெள்ளப்பாறை என்ற மேட்டைத் தோண்டிக்கொண்டிருக்கிறார். சாப்பாட்டு மேசையில் வெள்ளப்பாறை, கல்யாண வீட்டுப் பந்தியில் வெள்ளப்பாறை. நான் இந்த வேலையில் சேரப் போகிறேன் என்றபோது மட்டும், "உனக்கெதுக்கும்மா அந்தத் தூசி?" என்று தடுத்துப் பார்த்தார். என் மூச்சுக் குழாய் மேல் அவ்வளவு அக்கறை என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போதெல்லாம் நாங்கள் சொல்லும் வகையில் பாதியைக் கைமானி சொல்லிவிடுகிறது. ஒரு சாடியை ஒருத்தி வருடக்கணக்கில் தூக்கினால் அவளுடைய கை அதைத் தேய்க்கும். கண்ணுக்குத் தெரியாத அந்தத் தேய்மானத்தைக் கைமானி படித்து, தேய்த்த கை எப்படி இருந்திருக்கும் என்று பிளாஸ்டிக்கில் ஓர் உறை வார்த்துக் கொடுக்கும். கையுறை மாதிரி நாமும் அதற்குள் விரலை விட்டுப் பார்க்கலாம். இந்த இயந்திரம் வந்த பிறகு சாடிகள் எனக்குச் சாமான்களாகத் தெரியவில்லை. ஒவ்வொன்றின் பின்னாலும் ஒருத்தி நின்றாள்.

போன மாதம் என் மேசைக்கு மூன்று மாக்கல் சாடிகள் வந்தன. மாக்கல்லுக்கு ஒரு சாபக்கேடு உண்டு. அதை இன்றைக்கும் கடையில் விற்கிறார்கள். ஆதிகாலத்துச் சாடியையும் போன தலைமுறை ஊறுகாய்ச் சாடியையும் பக்கத்தில் வைத்தால் எது எது என்று சாமி வந்தாலும் சொல்ல முடியாது. கல்லிடம் வயது கேட்டுப் பயனில்லை, அது எப்போதுமே கிழம். சந்தேகமென்றால் 'பிற்காலப் புழங்கு கலம்' என்று எழுதி ஒதுக்கிவிடுவோம். அப்படி எழுதிவிட்டால் அது கிடைத்த மேட்டுக்கு எந்தக் காவலும் கிடையாது. குவாரிக்காரன் நாளைக்கே வெடி வைக்கலாம்.

மூன்றையும் கைமானியில் ஏற்றினேன். மூன்றிலும் ஒரே கை. பெண். இடக்கைக்காரி. அதனால் சாடியை எல்லோரையும் போல இடது இடுப்பில் வைக்காமல் வலது இடுப்பில் வைத்து, வலது கையால் அணைத்திருக்கிறாள். வலது சுண்டுவிரல் எப்போதோ ஒடிந்து உள்பக்கமாக வளைந்தே கூடியிருக்கிறது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நானும் இடக்கைக்காரி. எட்டு வயதில் கதவிடுக்கில் மாட்டி என் வலது சுண்டுவிரலும் அப்படித்தான் வளைந்திருக்கிறது. ரிஸ்வானாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அக்கா, உங்க போன ஜென்மம் கெடைச்சிருச்சு" என்றாள். உறைக்குள் கையை விட்டுப் பார்த்தேன். சுண்டுவிரல் பொருந்தியது, மற்ற விரல்கள் தொளதொளத்தன. அவளுக்கு என்னைவிடப் பெரிய கை. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

"இந்த நீலப் பொட்டு என்ன, பாரேன்" என்றேன். கல்லின் நுண்துளைகளில் ஊசிமுனை அளவுக்கு நீலம் தெரிந்தது.

ரிஸ்வானா குனிந்து பார்த்தாள். "இது பழைய மெஷினோட ரப்பர்க்கா. கைமானிய மொத மொதல்ல சோதிச்சுப் பாத்தப்ப நீல ரப்பரைப் பூசித்தான் படிச்சாங்க. கல்லு கறையாகுதுன்னு நிறுத்திட்டாங்க. அது ஆச்சு பதினெட்டு வருஷம். அப்ப இதை யாரோ ஏற்கெனவே ஒரு தடவ படிச்சிருக்காங்க."

"படிச்சிட்டு ஏன் வெளிய சொல்லல?"

"யாருக்குத் தெரியும்? கல்லு மட்டும் போதாது, கூட வேற ஏதாச்சும் கெடைக்கட்டும்னு காத்திருந்திருப்பாங்க."

அந்த வேற ஏதாச்சும் அடுத்த வாரமே அவள் மேசைக்கு வந்தது. ஒரு செம்புச் சாடி. கழுத்து நசுங்கி, ஒரு பக்கம் ஒடுங்கி, மேலெல்லாம் பச்சைக் களிம்பு அடை பிடித்திருந்தது. கல் சாடிகள் கிடைத்த அதே குழி என்று மட்டும் குறிப்பு. மத்தியானம் ரிஸ்வானா என் மேசைக்கு ஓடிவந்தாள். ஓடினாள் என்றால் நிஜமாகவே ஓடினாள்.

"அக்கா, அதே பொம்பளை! வலது இடுப்பு, வளைஞ்ச சுண்டுவிரல். கை அளவு கொஞ்சம் வித்தியாசப்படுது, கல்லு கனம்ல, அதனால இருக்கும்; பிடி ஒண்ணுதான்னு மெஷின் சொல்லுது. கல்லும் செம்பும் ஒரே வீட்ல பொழங்கியிருக்கு. செம்புல இவ்வளவு களிம்பு ஏற எத்தனையோ நூறு வருஷம் ஆகும். இனிமே அந்தக் கல்லை எவனும் ஊறுகாய்ச் சாடின்னு சொல்ல முடியாது."

"போலியா இருந்தா?" என்றேன். அது எங்கள் தொழில் வழக்கம். யாராவது ஒருவர் கேட்டாக வேண்டும்.

"களிம்ப யார் வேணா ஏத்தலாம், புளியும் உப்பும் போதும். செம்புக்கு வயசும் பாக்க முடியாது, சரி. ஆனா தேய்மானத்த எப்படிக்கா ஏத்துவான்? மெஷின்ல தேச்சா ஒரே சீரா இருக்கும். மனுஷங்க அப்படியா தூக்குறோம்? ஒரு நாள் அவசரம், ஒரு நாள் முதுகுவலி, ஒரு நாள் வீட்ல சண்டை. அதெல்லாம் செம்புல இருக்கு. இதப் போலியாச் செய்யணும்னா ஒருத்தி பத்து வருஷம் தெனம் தண்ணி தூக்கணும். எவனுக்கு அவ்வளவு பொறுமை?"

பேசிக்கொண்டே செம்புக்கு வார்த்த உறையை என்னிடம் நீட்டினாள். விளையாட்டாகத்தான் கையை விட்டேன். என் கை உள்ளே போய் உட்கார்ந்தது. தொளதொளப்பு இல்லை, இறுக்கமும் இல்லை. குக்கர் ஆவி பட்டு உள்ளங்கையில் ஒரு மேடு உண்டு எனக்கு. அதற்கும் அங்கே இடம் இருந்தது.

"மொத ரெண்டு வருஷம் ஒரு மோதிரம் போட்டிருக்கா. அப்புறம் அந்தக் கீறல் இல்ல" என்று ரிஸ்வானா சொல்லிக்கொண்டிருந்தாள். "தொலைச்சிட்டாளோ என்னவோ."

தொலைத்துவிட்டாள். குளியலறைத் தண்ணீர் போகிற ஓட்டையில்.

எங்கள் கல்யாணத்துக்குச் சேரலாதன் எனக்குத் தந்த பரிசு ஒரு செம்புச் சாடி. வெள்ளப்பாறைக் கல் சாடியின் அதே அளவில், அதே வடிவில் சொல்லிச் செய்தது என்றார். எல்லோரும் பட்டுப்புடவை தரும்போது இவர் பாத்திரம் தருகிறாரே என்று என் சித்திகள் கேலி பண்ணினார்கள். என் அம்மாவுக்கு வேறு கவலை. எங்கள் வீட்டில் பெயர் வெட்டாத பாத்திரம் கிடையாது. கரண்டிக்குக்கூட இனிஷியல் உண்டு. அம்மா சாடியைத் தூக்கிக்கொண்டு கடைக்குக் கிளம்பியபோது மாப்பிள்ளை முதல்முறையாகக் குரலை உயர்த்தினார். "வேணாம் அத்தை, வெட்டினா அழகு கெட்டுப் போகும்." பேர் இல்லாத பாத்திரம் யார் வீட்டுக்கு வேணாலும் போயிருமே மாப்ள என்று அம்மா முனகிக்கொண்டே திரும்பினாள்.

குடிநீர் தெருமுனைச் சுத்திகரிப்புக் குழாயில்தான். செம்புத் தண்ணீர் உடம்புக்கு நல்லது என்று அவர் சொன்னதால் தினமும் அந்தச் சாடியில்தான் பிடித்து மாடியேறினேன். சோப்புத் தூள் போடக் கூடாது, கம்பிநார் கூடாது, புளியும் மண்ணும் போட்டுத்தான் விளக்க வேண்டும் என்பார். பழமையில் பிடிப்புள்ள மனிதர் என்று பெருமையாக இருந்தது. ஐந்து வருடத்துக்கு முன் வீடு மாறியபோது லாரியில் அது காணாமல் போனது. நான் அழுதேன். அவர் என் தலையைத் தடவி, எவர்சில்வர் குடம் ஒன்று வாங்கித் தந்தார். அதில் பெயர் வெட்டித்தான் வாங்கிவந்தார்.

அன்று சாயங்காலம் வீட்டில் அவர் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"நம்ம செம்புச் சாடி எங்கங்க போச்சு?"

"அதான் லாரில போச்சே. இப்ப என்ன திடீர்னு?"

"இன்னைக்கு என் கைக்கு வந்துச்சு."

தோசைத் துண்டு அவர் விரலிலேயே நின்றது. மாட்டிக்கொண்டால் அலட்டிக்கொள்ளாத மனிதர். அதைத் தட்டிலேயே வைத்துவிட்டு, "உலோகம் ரிஸ்வானாகிட்டத்தானே போகும்?" என்றார். பதினாறு வருடம் கூட வாழ்ந்த மனைவியிடம் அவர் சொன்ன முதல் பதில் அது.

"ஏன் இப்படிச் செஞ்சீங்க?"

"அந்த மேடு நெஜமாவே பழசு, வெண்பா. எனக்குத் தெரியும். ஆனா கல்லை மட்டும் காட்டினா யாரு நம்புறா? ஊறுகாய்ச் சாடின்னு ஒதுக்கிடுவாங்க. நீயே ஒதுக்கியிருப்ப. குவாரிக்காரன் ஒரு தடவ வெடி வச்சான்னா அப்புறம் ஆதாரமும் கெடையாது, மேடும் கெடையாது. நான் பொய் சொல்லல. உண்மைக்கு ஒரு சாட்சி செஞ்சேன்."

"சாட்சியச் செய்வாங்களா யாராச்சும்?"

எனக்கு வேண்டியது அந்தக் கேள்விக்கான பதில் இல்லை. நான் கேட்க வந்தது வேறு.

"அந்தக் கல் சாடிய நம்ம கல்யாணத்துக்கு முன்னாடியே படிச்சிட்டீங்க. நீல ரப்பர் இன்னும் போகல. அப்ப வளைஞ்ச சுண்டுவிரல் உங்களுக்கு அப்பவே தெரியும்."

"தெரியும்."

"பொண்ணு பாக்க வந்தன்னைக்கு நான் காபி குடுத்தேன். என் விரலப் பாத்தீங்க."

"பாத்தேன்."

விரலைப் புடவைக் கொசுவத்துக்குள் வைத்துக்கொள் என்று சொல்லி வளர்த்தார்கள் என்னை. அன்றைக்கு எவ்வளவு மறைத்தும் தட்டை நீட்டும்போது வெளியே வந்துவிட்டது. போகும்போது அவர் என்னிடம் தனியாகச் சொன்னது ஒரே வாக்கியம்: "உங்க சுண்டுவிரல் ரொம்ப அழகா இருக்கு." அந்த விரலை அழகு என்று சொன்ன ஒரே மனிதர். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு நான் என்னவெல்லாம் பொறுத்துப் போனேன்!

"மொதல்ல அப்படித்தான்" என்றார். "மறைக்கல. ஆனா அப்புறம் நான் மாறிட்டேன் வெண்பா. சத்தியமா."

"எப்ப?"

"குழந்தை தங்காமப் போயி நீ எந்திரிக்காமக் கெடந்தியே, அப்ப. மாசக்கணக்குல நான்தானே தண்ணி தூக்கினேன்? உன்னச் சிரிக்க வைக்கணும்னு பொம்பளை மாதிரி இடுப்புல வச்சுக்கிட்டு வந்தேன். நீ சிரிச்ச. அதுவா நடிப்பு?"

அது நடிப்பில்லை. எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, இடுப்பை ஒடித்து, சாடியை அணைத்தபடி அறை வாசலில் வந்து நின்றார். இரண்டு மாதமாகப் பேசாமல் கிடந்தவள் அன்றைக்குத்தான் சிரித்தேன். நான் உயிரோடு எழுந்து உட்கார்ந்ததே அதனால்தான் என்று பிறகு தோழிகளிடம்கூடச் சொல்லியிருக்கிறேன்.

"நீ ஒண்ணும் பொய் எழுத வேணாம்" என்றார். "சும்மா இருந்தாப் போதும். வகை சொல்லப் போறது ரிஸ்வானா. சாடியில இருக்கிறதத்தானே அவ சொல்லப் போறா?"

நான் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்: அந்த இரண்டு மாதத்துக்காக நான் வாயை மூடிக்கொள்ளக்கூடத் தயாராக இருந்தேன். மற்றதெல்லாம் அவருடைய வெள்ளப்பாறைக்குப் போகட்டும், அது ஒன்று எனக்கு மிஞ்சட்டும் என்று நினைத்தேன்.

மறுநாள் ரிஸ்வானா அடுக்கு வாசிப்பை முடித்திருந்தாள். தேய்மானத்தை முன்னது பின்னது என்று பிரித்துப் பார்ப்பதற்கு அந்தப் பெயர்.

"அக்கா, இதுல ஒரு அழகு இருக்கு, வந்து பாருங்க." திரையில் சாடியின் கழுத்து பெரிதாகத் தெரிந்தது. "நடுவுல கொஞ்ச காலம் இந்தப் பொம்பளை தூக்கவே இல்ல. வேற ஒரு கை. பெருசு, ஆம்பளைக் கை. அவளுக்கு மேலுக்கு முடியாமப் போயிருக்கும், புருஷன் தூக்கியிருக்கான்."

"ம்."

"ஆனா தோள்ல தூக்கல. வலது இடுப்புலயே வச்சிருக்கான். அவள மாதிரியே சுண்டுவிரல உள்ள மடக்கிக்கிட்டுத் தூக்கியிருக்கான். இவனுக்கு அந்த விரல் நல்லாத்தான் இருக்கு, அழுத்தத்துலயே தெரியுது. வேணும்னே மடக்கியிருக்கான். எவ்வளவு பிரியம் இருந்தா ஒருத்தன் பொண்டாட்டி மாதிரியே தூக்கிப் பாப்பான்!" அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அவளுக்குப் போன வருடம்தான் கல்யாணமானது.

"ஒரு தடவ ரெண்டு தடவையா?" என்றேன். "விளையாட்டா வாசல்ல வந்து நிக்கும்போது மட்டும் அப்படி வச்சிருப்பானோ?"

"இல்லக்கா. படியேறும்போது நெஞ்சோட அழுத்திப் பிடிப்போம்ல, அந்தத் தேய்மானம், எறக்கி வைக்கிற தேய்மானம், எல்லாத்துலயும் அதே பிடிதான். ஒரு தடவைகூடக் கை மாறல."

மாடிப்படியில் நான் இல்லை. தெருமுனைக் குழாயடியில் நான் இல்லை. நான் உள்ளே சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். நான் பார்த்துச் சிரிப்பதற்காக என்றால் அறை வாசலில் மட்டும் அப்படி வைத்திருந்தால் போதுமே. பார்க்க ஆளே இல்லாத இடத்திலும் சுண்டுவிரலை மடக்கிக்கொண்டு வந்திருக்கிறான். நான் எழுந்திருக்கும்வரை தேய்மானம் கெட்டுவிடக் கூடாது, அவ்வளவுதான் அவன் கவலை. என் குழந்தை போன வீட்டில் அவன் சாடியைத்தான் பார்த்துக்கொண்டான்.

அவன் என்று எழுதிவிட்டேன். இருக்கட்டும், திருத்தப் போவதில்லை.

அப்போதுதான் அந்த இன்னொருத்தியின் ஞாபகம் வந்தது. கல் சாடிக்காரி. அவள் நிஜம். பெரிய கையும் ஒடிந்த விரலுமாக எந்தக் காலத்திலோ அந்த மேட்டில் வாழ்ந்தவள். அவளைக் காப்பாற்றுகிறேன் என்று அவளுக்குப் பக்கத்தில் என்னைக் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டான். நாளைக்கு இது வெளியே வந்தால் அவளையும் சேர்த்துத்தான் பொய் என்பார்கள். வராவிட்டால் அவளுடைய பெயரில் என் பத்து வருடம் கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கும். மேட்டுக்கு வெடி வைப்பார்களோ, வைக்க மாட்டார்களோ, அதை அவளுடைய மூன்று கல் சாடிகளை வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும். செத்தவளுக்காக நான் சாட்சி சொல்ல முடியாது. எனக்காகச் சொல்லலாம்.

ரிஸ்வானா தொழுகைக்குப் போனாள். நான் சாடியை எடுத்து வலது இடுப்பில் வைத்துக்கொண்டேன். ஐந்து வருடத்துக்குப் பிறகும் கழுத்து தானாக வந்து முழங்கை மடிப்பில் பொருந்தியது. வாசலில் காவலாளி நிமிர்ந்து பார்த்தார், "தண்ணி வரலையாம்மா உள்ள?" என்று கேட்டார். வரவில்லை என்றேன்.

கீழவாசல் பாத்திரக் கடைத்தெருவில் பெயர் வெட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மின்சாரப் பேனாவோடு ஒருவர் டிபன்பாக்ஸ் ஒன்றில் குனிந்திருந்தார். சாடியை அவர் முன்னால் வைத்தேன். அரசாங்க எண் ஒட்டியிருந்த தாளை வழியிலேயே கிழித்துவிட்டேன்.

"என்னம்மா, இம்புட்டுக் களிம்பா? கொஞ்சம் விளக்கிக் கொண்டாந்திருக்கக் கூடாதா?"

"கழுத்துக்குக் கீழ மட்டும் சொரண்டிட்டு வெட்டுங்க."

அவர் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். பச்சைக்கு அடியிலிருந்து எங்கள் அடுப்படிச் செம்பு சிவப்பாக எட்டிப் பார்த்தது.

"யாரு பேரு போடணும்? வச்சிருக்கவங்க பேரா, குடுத்தவங்க பேரா?"

"ரெண்டும். வெண்பாவுக்கு, சேரலாதன்."

அழகாகத்தான் வெட்டினார். ஒவ்வொரு எழுத்துக்கும் பேனா கிர்ரென்று இரைந்தது. நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தேதி?"

கல்யாணத் தேதியைச் சொன்னேன். வருடத்தையும் சேர்த்து வெட்டினார். பிறகு பேனாவை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, அவர்கள் எல்லோரிடமும் கேட்கிற கேள்வியைக் கேட்டார்.

"கீழ 'அன்பளிப்பு'ன்னு போட்டுறவாம்மா?"

"அது வேணாம்ணே" என்றேன். "பேரும் தேதியும் போதும்."